போர் நிலத்தில் முதலீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

போர் நடக்கும் நாட்டில் தொழில் செய்யும் நிறுவனம் ஒதுங்கி நிற்க முடியாது. அது கட்டும் வரியும் சோதனைச்சாவடியில் கொடுக்கும் பணமும் ஏதோ ஒரு தரப்பின் துப்பாக்கிக்கே போய்ச் சேரும். சிரியாவில் சிமென்ட் ஆலையைத் தொடர்ந்து இயக்க ஐ.எஸ். உள்ளிட்ட குழுக்களுக்குப் பணம் கொடுத்ததை, பிரான்சின் லஃபார்ஜ் நிறுவனம் 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அபராதமும் பறிமுதலுமாகச் சுமார் 77.8 கோடி டாலர்! அது சேர்ந்ததோ அமெரிக்க அரசிடம்.

அவசரமாக வெளியேறுவதும் பொறுப்பான செயல் அல்ல. வேலை இழப்பவர்கள் உள்ளூர் மக்களே. தொழில் நிறுவனங்கள் மனித உரிமைகளை மதிப்பது பற்றி 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்ற வழிகாட்டு நெறிகளோ சட்டப்படி கட்டாயமில்லை. போர்ப் பகுதிகளில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் வெளியிடுவதையாவது ஒவ்வொரு அரசும் கட்டாயமாக்க வேண்டும்.