மீன் செத்த நீரை எந்த நேரத்தில் எடுத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் ஏரியிலோ குளத்திலோ மீன்கள் செத்து மிதந்தால் கடும் வெயில் காரணம் என்கிறார்கள். இல்லாவிட்டால் யாரோ விஷம் கலந்துவிட்டதாகப் பேச்சு எழுகிறது. இரண்டு நாள் கழித்து, நீரைப் பரிசோதித்ததில் ஆக்சிஜன் அளவு போதுமானதாக இருந்தது என்றொரு விளக்கம் வருகிறது. அத்துடன் செய்தி முடிந்துவிடுகிறது. அந்த நீரை எத்தனை மணிக்கு, எந்த ஆழத்தில் எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வெயில் ஒரு பங்கு காரணம்தான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் தங்கும். மீனின் உடல் வெப்பம் நீரோடு சேர்ந்து ஏறுவதால், 10 டிகிரி கூடினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்கள் தாக்குப்பிடிக்கும். 2-க்குக் கீழே போகும்போதுதான் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. 7.5-ஐ 2-க்குக் கீழே இறக்கும் வேலையைப் பெரும்பாலும் கழிவுநீர்தான் செய்கிறது. புவி வெப்பமாதல் மீனுக்கு இருந்த இடைவெளியைச் சுருக்கிவிட்டது. அதனால் முன்பு தாங்கிய கழிவை அதே ஏரி இப்போது தாங்குவதில்லை.

கழிவுநீரோடு வரும் 1 கிலோ பாஸ்பரஸ் முழுவதும் பாசியாக வளர்ந்து, பிறகு அந்தப் பாசி செத்து மட்கினால், சுமார் 140 கிலோ ஆக்சிஜனைத் தின்றுவிடும். பகலில் இதே பாசிதான் ஆக்சிஜனை வெளியிடுகிறது. பச்சைப் பசேலென்றிருக்கும் குளத்தில் பிற்பகல் 3 மணிக்கு அளந்தால் 12 மில்லிகிராம்கூடக் காட்டும். இருட்டியதும் பாசியும் சுவாசிக்கிறது, அடிச்சேற்றில் பாக்டீரியாவும் சுவாசிக்கிறது. விடியும்போது 1 மில்லிகிராம்கூட மிஞ்சாமல் போகலாம். மீன் சாவது அந்த நேரத்தில். பரிசோதனைக்கு நீர் பிடிப்பதோ வெயில் ஏறிய பிறகு.

நீரை எடுக்க வேண்டியது சூரியன் உதிப்பதற்கு முன். மேல்மட்டத்தில் ஒன்று, அடிச்சேற்றுக்கு அரை மீட்டர் மேலே ஒன்று. மூடி போட்ட 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில், ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் வழிய வழிய நிரப்ப வேண்டும். மாங்கனீசு சல்பேட் கரைசலையும் கார அயோடைடு கரைசலையும் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கினால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாக இறங்கினால் இல்லை. இதைச் செய்யாமல் வெறும் நீரை ஆய்வகத்துக்குத் தூக்கிப் போனால், வழியில் காற்று கலந்தும் பாக்டீரியா வேலை செய்தும் அளவு மாறிவிடும்.

கருவி இல்லாதவர்களும் கவனிக்க முடியும். ஆக்சிஜன் குறைந்தால் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்கள் முதலில் சாகும். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த விராலும் பனையேறிக் கெண்டையும் தப்பிவிடும். விஷமாக இருந்தால் பெரிது சிறிது பார்க்காமல், பகல் இரவு பார்க்காமல் எல்லாம் சாகும், தவளையும் நீர்ப்பூச்சியும்கூட. இந்த வேறுபாட்டை யாராவது குறித்து வைத்திருந்தாலே பாதி விசாரணை முடிந்த மாதிரி.

மழைக்கு மறுநாள் சாகும் மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நாள் வெயிலில் சூடான நீர் மேலேயும், ஆக்சிஜன் இல்லாத குளிர்ந்த நீர் அடியிலும் தனித்தனியாகப் படிந்திருக்கும். திடீர் மழையும் காற்றும் இரண்டையும் கலக்கும்போது, அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான்.

இதற்குப் பிறகு நடக்கும் வைத்தியம் இன்னும் வேதனை தருகிறது. பாசிக்கொல்லியை ஏரி முழுக்க ஒரே நாளில் தெளிக்கிறார்கள். செத்த பாசி மட்கி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள். அதனால் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-இலிருந்து 9-க்கு ஏறினால், 25 டிகிரி நீரில் கழிவிலிருந்து வந்த அம்மோனியாவின் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். உடனடியாகச் செய்யத்தக்கது, செத்த மீன்களை அன்றே அள்ளிக் கரைக்கு அப்பால் புதைப்பதும், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஓட்டுவதும்தான். பகலில் நீரூற்று விடுவது அழகுக்கு மட்டுமே உதவும்.

கனடாவில் 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்ற எண்ணுடைய ஏரியை நடுவே திரையிட்டுப் பிரித்து, இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒன்றில் மட்டும் கூடுதலாக பாஸ்பரஸ் இட்டார்கள். அந்தப் பாதிதான் பச்சையாக மாறியது. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும், பல சுத்திகரிப்பு நிலையங்களைப் பி.ஓ.டி. அளவை, அதாவது நீரிலுள்ள கழிவை மட்கச் செய்யப் பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவை மட்டும் வைத்தே மதிப்பிடுகிறோம்; அது பாஸ்பரஸைக் காட்டாது. ஏரி நீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் போதும் பாசி பெருக. வழக்கமான சுத்திகரிப்பு முடிந்து வெளியேறும் நீரில் அதைப்போல் நூறு மடங்கு இருக்கக்கூடும். ஏற்கெனவே சேற்றில் படிந்ததும் சும்மா இருப்பதில்லை: அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும், இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மறுபடி நீரில் கலக்கிறது. கழிவுநீரை நிறுத்திய பிறகும் பல ஏரிகள் ஆண்டுக்கணக்கில் தெளியாததற்கு இதுவே காரணம். தூர்வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்பி வந்துவிடும்.

தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது, மாதிரி எடுத்த மணி, ஆழம், நீரின் வெப்பம் ஆகிய மூன்றையும் கேட்டு அச்சிடுங்கள். கழிவுநீர் விடும் நிலையத்திடம் பி.ஓ.டி.யோடு மொத்த பாஸ்பரஸ் அளவையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
நன்னீர் உயிரியல் பயிற்றுவிக்கும் வாசகர்