மாற்குவின் குடில்

அன்புள்ள மருமகனுக்கு,

போன ஞாயிறு பழுப்புத் தாளைக் கசக்கிக் குடிலுக்கு மலை செய்துகொண்டே கேட்டாய்: "மாமா, மாற்கு சுவிசேஷத்தில் குடிலே இல்லையே, அவருக்குக் கிறிஸ்துமஸ் கிடையாதா?" டீ ஆறிவிடும் என்று சொல்லி நழுவிவிட்டேன். சத்துவாச்சாரியில் பஸ் ஏறிக் காட்பாடி வந்து சேர்வதற்குள் வெட்கமாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னது சரிதான். முன்னணையும் மேய்ப்பர்களும் லூக்காவில், நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகள் மத்தேயுவில். (மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, நாம்தான் மூன்று பொம்மை வாங்கினோம்.) மாற்குவோ வளர்ந்த இயேசுவை யோர்தான் ஆற்றில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

ஆனால் அந்த முதல் அதிகாரத்தின் கடைசியைப் படித்துப் பார். ஒரு குஷ்டரோகி வருகிறான். (பழைய மொழிபெயர்ப்பின் சொல் அது, நீ தொழுநோயாளி என்றே சொல்.) மோசேயின் நியாயப்பிரமாணப்படி ஊருக்கு வெளியே தனியாக இருக்கவேண்டியவன். இயேசுவுக்கு ஒரு சொல் போதும். இருந்தும் கையை நீட்டித் தொடுகிறார். சுகமானவன் போய் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறான். அதனால் இயேசுவால் வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் போகமுடியவில்லை, வெளியே வனாந்தரத்தில் தங்குகிறார். இடம் மாறிவிட்டது, பார்த்தாயா? இயேசு பிறந்தபோது சத்திரத்தில் இடமில்லை என்று லூக்கா சொன்னதைத்தான் மாற்கு இப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

உன் வயதில் ஒரு கிறிஸ்துமஸ் காலை. சர்ச் கேட் ஓரம் விரல்கள் மழுங்கிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உன் பாட்டி என்னிடம் கேக் துண்டு ஒன்றைத் தந்து, "கையில குடுத்துட்டு வா" என்றாள். நான் இரண்டடி தள்ளித் தரையில் இலையோடு வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அவர் அதை எப்படி எடுத்தார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் இது எந்த ஊர்! கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு) வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை, தசையை எலும்போடு சேர்க்கும் நாணை ஆபரேஷனில் இடம் மாற்றி நிமிர்த்தினார். சதை அழுகி விரல் போவதில்லை, உணர்ச்சி செத்துவிடுவதால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல்தான் போகிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். 1955-இல் பக்கத்துக் கரிகிரியில் இந்த நோய்க்கென்றே ஆஸ்பத்திரி வந்தது. அந்தக் கைகளைத் தினமும் பிடித்துப் பார்க்காமல் இதெல்லாம் தெரிந்திருக்குமா?

"ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்பது சி.எம்.சி.யின் வாசகம். மாற்கு 10:45-இல் இருக்கிறது, தான் எதற்கு வந்தேன் என்று இயேசுவே சொல்வது. மாற்குவின் கிறிஸ்துமஸ் வசனம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

24-ஆம் தேதி சாயங்காலம் வருகிறேன். குடிலுக்காகத் தட்டில் முளைக்கப் போட்ட கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளிக்க மறந்துவிடாதே. அப்புறம், பாட்டியிடம் கேக்கில் ஒரு துண்டு தனியாக எடுத்துவைக்கச் சொல். காலையில் சர்ச்சுக்குக் கையில் கொண்டுபோக வேண்டும்.

உன் மாமா