களப்பணி அறிக்கையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

சமூகப்பணித் துறைத் தலைவர்களுக்கும் களப்பணி மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் களப்பணிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் 11 வயதுப் பையன் ஒருவன், “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுக்கா” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, இரவில் பெரிய பையன்கள் தன்னை அடிப்பதைச் சொன்னான். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். சத்தியம் செய்துவிட்டேனே என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றைய அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். மேற்பார்வையாளர் படிப்பார், என்ன செய்வதென்று சொல்வார் என்று நம்பினேன்.

ஐந்தாம் நாள் அறிக்கை திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் கையெழுத்து, பக்கத்தில் “நன்று”. மூன்றாம் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. மேற்பார்வையாளரும் மாணவரும் தனியாக உட்கார்ந்து பேசும் அந்த வாரத் தனிக் கலந்தாய்வு, தேர்வு வேலை காரணமாக இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதுவரை அந்தப் பையன் அதே அறையில்தான் தூங்கினான்.

குழந்தைக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது, அதை முதலிலேயே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். எதிரில் ஒரு குழந்தை அழுதபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. மேற்பார்வை என்று ஒன்றை வைத்திருப்பதே இதற்காகத்தானே?

இன்று நானே ஒரு முகமையில், அதாவது மாணவர்கள் களப்பணிக்கு வரும் ஓர் அமைப்பில், மேற்பார்வையாளர். என்னிடம் வரும் மாணவர்களின் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சு: வீட்டுக்குப் போனேன், விவரம் சேகரித்தேன், ஆலோசனை வழங்கினேன். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த பிள்ளைகள் வேறு எப்படி எழுதுவார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேற்பார்வைக்கு நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு என்று மூன்று பணிகள் உண்டு என சமூகப்பணி அறிஞர் ஆல்ஃபிரட் கதுஷின் 1976-இலேயே வகுத்துச் சொன்னார். நம்மிடம் முதலாவது மட்டும் தவறாமல் நடக்கிறது. வருகைப் பதிவு, மணிக்கணக்கு, முத்திரை. தான் பழகிய நோயாளி இறந்துபோன அன்று கலங்கி நிற்கும் மாணவியிடம் “போகப்போகப் பழகிடும்மா” என்று சொல்வதை ஆதரவு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

தனிக் கலந்தாய்வை வாராவாரம் கால அட்டவணையில் ஏற்றுங்கள். ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் அதைச் சேருங்கள். 15 மாணவர்களை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவர் படிக்கவில்லை என்று கோபப்படுவதும் நியாயமில்லை. குழுக் கலந்தாய்வு தேவைதான், ஆனால் பத்துப் பேர் நடுவில் “நான் தப்புப் பண்ணிட்டேன்” என்று எந்த மாணவரும் சொல்ல மாட்டார். முகமைகளில் இருப்பவர்களே, நம்மிடம் வரும் மாணவர்களைப் பதிவேடு நகலெடுக்க உட்கார வைப்பதை நிறுத்துவோம். அவசரம் என்றால் அன்றைக்கே யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுவோம்.

கடைசியில் கலந்தாய்வு நடந்த அன்று நான் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். மேற்பார்வையாளர் முகம் வெளுத்துப்போய் உடனே இல்லத்துக்குப் போன் செய்தார். அன்று மாலையே அவனை வேறு அறைக்கு மாற்றினார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணி மாணவி ஒருத்தி