தமிழ் அலமாரியைக் கழிக்குமுன் இரவல் கணக்கைச் சரிபாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரப் பொது நூலகங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும் நூல் தேர்வுக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

வாசகர்கள் எந்த எழுத்தாளரை அதிகம் எடுத்துச் செல்கிறார்கள் என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். ஆங்கிலத்துக்கு ஒன்று, ஜூலுவுக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை. கணினியில் கிடக்கும் எண்களை அப்படியே எடுத்து அச்சிட்டால் தமிழுக்கு வருவது பொய்ப் பட்டியலாகத்தான் இருக்கும். அதே எண்களை வைத்து, "மூன்றாண்டாக யாரும் தொடவில்லை" என்று நூல்களைக் கழித்துவிடவும் முடியும். கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் எண்ணும் முறையைத் திருத்துங்கள். எங்கே பிசகுகிறது, எப்படித் திருத்தலாம் என்பதைச் சொல்கிறோம்.

பிரிட்டனில் இந்த வேலை நெடுங்காலமாக நடக்கிறது. 1979-இல் அங்கே பொது இரவல் உரிமைச் சட்டம் வந்தது; 1984-இல் முதல் பணம் கைக்கு வந்தது. நூலகத்திலிருந்து ஒரு நூல் வெளியே போகும் ஒவ்வொரு தடவைக்கும் எழுத்தாளருக்குச் சில பென்ஸ், ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் கிடையாது. பணம் பிரிக்க எண்ணத் தொடங்கியவர்களுக்கு, மக்கள் யாரைப் படிக்கிறார்கள் என்பதும் தெரிய வந்தது. நாவலாசிரியை கேத்தரின் குக்சன் ஏறத்தாழ இருபது ஆண்டு முதலிடத்தில் இருந்தார். 2000-களின் தொடக்கத்தில் சிறுவர்களுக்கு எழுதும் ஜாக்குலின் வில்சன் அவரை முந்தினார். பிறகு அமெரிக்க விறுவிறுப்பு நாவலாசிரியர் ஜேம்ஸ் பேட்டர்சன் வந்து பல ஆண்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டார். இலக்கியப் பரிசுப் பட்டியல்களில் தேடினால் இந்த வரிசை கிடைக்காது. தமிழிலும் மேடையில் ஒலிக்கும் பெயர்கள் வேறு, பையில் வீட்டுக்குப் போகும் பெயர்கள் வேறு. ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், பாலகுமாரன், இந்திரா சௌந்தர்ராஜன், சாண்டில்யன், சுஜாதா, கல்கி என்று ஊகமாக நாமே ஒரு பட்டியல் போட்டுவிடலாம். ஊகம் சரியா என்று பார்க்கத்தான் கணக்கு வேண்டும்.

பிரிட்டிஷ் முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே எல்லாம் நூலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு எண்ணை வைத்து நடக்கிறது. எழுத்தாளர் தம் நூலின் ஒவ்வொரு பதிப்பையும் அந்த எண்ணோடு பதிந்துவைக்கிறார். நம் அலமாரிகளில் உள்ள பழைய தமிழ் நூல்களில் அந்த எண்ணே இருக்காது. மாத நாவல்களைச் சஞ்சிகை என்று நினைத்துப் பதிவே போடாமல் கூடையில் வைப்பதும் உண்டு. ராஜேஷ்குமார் 1,500-க்கு மேல் நாவல் எழுதியவர். அவற்றில் பெரும்பகுதி வெளிவந்ததே அந்த வடிவில்தான். கூடையிலிருந்து எடுத்துப் போய்க் கூடையிலேயே திருப்பிப் போடும் நூலுக்கு இரவல் கணக்கு எங்கிருந்து வரும்?

எனவே எழுத்தாளர் பெயரை வைத்துத்தான் எண்ண வேண்டும். பெரிய சிக்கலும் அங்கேதான். மேசையில் நீங்கள் வருடுவது பார்கோடு. பார்கோடு ஒரு பிரதியைக் காட்டும், பிரதி ஒரு நூற்பதிவை, அதாவது பட்டியலில் அந்த நூலுக்கான குறிப்பைக் காட்டும்; பதிவில் ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு கட்டம் (புலம்) உண்டு, 100-ஆம் புலத்தில் எழுத்தாளர் இருப்பார். அந்தப் புலத்தில் ஒரே ஆளை நான்கு விதமாக எழுதியிருந்தால் கணினிக்கு அவர் நான்கு ஆள்.

சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு விதியில் தமிழ் 'ச'வுக்கு எப்போதும் 'சி' என்ற ஆங்கில எழுத்துதான். வெளியிலிருந்து இறக்கிய பதிவில் அவர் பெயர் சி, யு, ஜே, ஏ, டி, ஏ என்று, நெடிலுக்கு மேலே கோடு போட்டு இருக்கும். இங்கே ஒருவர் அட்டையைப் பார்த்துத் தட்டிய பதிவு 'எஸ்'ஸில் தொடங்கும், 'டி'க்குப் பின் ஓர் 'எச்' இருக்கும். இயற்பெயரான ரங்கராஜனில் மூன்றாவது பதிவு இருக்கலாம். வாசகர் 'எஸ்' போட்டுத் தேடினால், 'சி'யில் தொடங்கும் பதிவின் நூல்கள் கண்ணில் படாது. அவை அலமாரியில் தூசி படிந்து, மூன்றாண்டு கழித்து 'யாருக்கும் வேண்டாத நூல்' ஆகிவிடும்.

குடும்பப் பெயர்ப் பழக்கம் இன்னொரு தொல்லை. நம் நாட்டில் பிள்ளே, கவெண்டர், மூட்லி என்று குடும்பப் பெயரை முன்னால் போட்டே பதிவது வழக்கம். அதே கையோடு இந்திரா பார்த்தசாரதியை 'பார்த்தசாரதி, இந்திரா' என்று திருப்பிவிடுவார்கள். அவர் இயற்பெயர் பார்த்தசாரதி, இந்திரா அவருடைய மனைவி. சுஜாதாவும் மனைவி பெயரைச் சூடிக்கொண்டவர்தான். (பெண் எழுத்தாளர் பட்டியல் தயாரித்தால் இருவரையும் அதில் சேர்த்துவிடாதீர்கள்.) தமிழ்நாட்டு எழுத்தாளர் பெயரைத் திருப்பாமல், அட்டையில் உள்ள வரிசையிலேயே பதிய வேண்டும். கல்கி என்றால் எழுத்தாளரா, இதழா என்பதையும் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

இதற்கு மருந்து பெரியதல்ல. ஆளுக்கு ஓர் அதிகாரப் பெயர்ப் பதிவு, அதாவது அவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று நிலைநிறுத்தும் தனிப் பதிவு போடுங்கள். 100-ஆம் புலத்தில் ஒரே வடிவம். மற்ற எல்லா வடிவங்களும் 400-ஆம் புலத்தில், எதைத் தேடினாலும் முதல் வடிவத்துக்கு இட்டுச் செல்லும்படி. நூற்பதிவில் 880-ஆம் புலத்தில் தமிழ் எழுத்திலேயே பெயரும் தலைப்பும். அதை யூனிகோடில் தட்ட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடலுக்குக் குப்பைதான். யூனிகோடிலும் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாகத் தட்ட முடியும், 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பையும் காலையும் சேர்த்தும் பிரித்தும் தட்ட முடியும். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு. மென்பொருள் பராமரிப்பவரிடம் சொன்னால் ஒருசேர இயல்பாக்கிக் கொடுப்பார்.

தமிழ் படிக்கத் தெரியாத ஊழியரிடம் ஒரு பெட்டி தமிழ் நூல் வந்தால் அவர் என்ன செய்வார்? 'தமிழ்ப் புத்தகம்' என்று ஒரே பதிவு போட்டு, அதன் கீழ் பெட்டியில் உள்ள அத்தனைக்கும் பார்கோடு ஒட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதிவில் எத்தனை இரவல் விழுந்தாலும் எந்த எழுத்தாளர் கணக்கிலும் சேராது. உங்கள் மென்பொருளில், ஒரே பதிவின் கீழ் 20 பிரதிக்கு மேல் உள்ள தமிழ் நூற்பதிவுகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட பொதுப் பதிவுகள் பெரும்பாலும் அதிலேயே வந்து நிற்கும். திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது பாகங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகமாக நூலானது. கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒரு பதிப்பகத்தின் முதல் பாகமும் இன்னொன்றின் மூன்றாம் பாகமும் ஒரே அலமாரியில் நிற்கும், பதிவுகள் தனித்தனியாக இருக்கும். ஐந்து பாகமும் எடுத்த ஒரே வாசகர் கணக்கில் ஐந்து இரவலாகிறார். ஒரே நூலாகக் கட்டிய பதிப்பை எடுத்தவர் ஒன்றுதான் ஆகிறார். இதைவிட முக்கியம், முதல் பாகம் தொலைந்தால் மற்ற நான்கும் செத்துவிடும் என்பது. இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்க யாரும் வரமாட்டார்கள். நான்கு பாகங்களுக்கும் பூஜ்யம் விழுந்தால், கழிப்பதற்கு முன் முதல் பாகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒரு பாகத்தை மட்டும் வாங்கிப் போடுங்கள். அதே பதிப்பைக் கேட்டு வாங்குங்கள், பதிப்புக்குப் பதிப்பு பாகம் முடியும் இடம் மாறலாம்.

பூஜ்யத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மக்கள் விரும்பும் நூல்தான் முதலில் கிழியும், முதலில் காணாமல் போகும். தமிழ் நாவல்கள் பெரும்பாலும் மெல்லிய தாளில், முதுகில் பசை மட்டும் போட்டுக் கட்டியவை. தைத்த கட்டுமானம் அபூர்வம். டர்பன் ஈரக்காற்றில் பசை இளகி, பிறகு காய்ந்து வெடிக்கும், நடுத்தாள்கள் கழன்று வரும். நூல் 'பழுதுபார்க்க' என்ற பெட்டிக்குப் போகும், ஆனால் பட்டியலில் 'அலமாரியில் உள்ளது' என்றே நிற்கும். யாரும் எடுக்காத நூலுக்கு முதுகு அப்படியே இருக்கும். இப்படிச் சில ஆண்டு போனால் அலமாரியில் மிஞ்சியிருப்பது வாசகர் ஒதுக்கியவை மட்டும். அந்த மிச்சத்தைப் பார்த்து, தமிழ் வாசகர் இல்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். கழிக்க எடுத்த நூலின் கடைசித் தாளில் ஒட்டிய தேதிச் சீட்டைத் திறந்து பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்து ஒரு தேதியில் திடீரென்று நின்றிருந்தால், வாசகர் விலகினாரா, கணினிப் பதிவு மாறியதா, நூல் இடம் மாறியதா என்று விசாரிக்க வேண்டும்.

இரவலே போகாமல் பயன்படும் நூல்களும் இருக்கின்றன. தேவாரம், திருப்புகழ், முருகன் பாடல் நூல்கள், முக்கியமாகத் தமிழ்ப் பாடலை ஆங்கில எழுத்தில் அச்சிட்டவை. காவடிக்கு முன்பும் புரட்டாசியிலும் வேண்டிய பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு நூலை மேசையிலேயே விட்டுப் போகலாம், வீட்டுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. அந்த மாதங்களில் மேசையில் கிடக்கும் நூலை அலமாரியில் வைப்பதற்குமுன் ஒருமுறை 'உள்பயன்பாடு' என்று வருடச் சொல்லுங்கள். பெரும்பாலான நூலக மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது.

மொத்த இரவல் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஓர் எழுத்தாளருக்கு 60 பிரதி, 180 இரவல்; இன்னொருவருக்கு 4 பிரதி, 28 இரவல். மொத்தத்தில் முதலாமவர் முன்னே. பிரதிக்கு என்று பார்த்தால் முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 7. அடுத்த ஆண்டுப் பணத்தில் யாருடைய நூலை வாங்க வேண்டும் என்பதை இரண்டாவது எண்தான் சொல்லும். பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். புதுப்பித்தலைத் தனியாகக் காட்டுங்கள். மெதுவாகப் படிக்கும் முதியவர் ஒரே நூலை மூன்று முறை புதுப்பித்தால் அது மூன்று வாசகர் ஆகாது.

தமிழ் எழுத்தாளருக்குத் தமிழ் அலமாரியில் மட்டுமா வாசகர்? இங்கே தமிழர் வீடுகளில் பலருக்கு வாசிப்பு மொழி ஆங்கிலம். பெருமாள்முருகன் போன்றோரின் மொழிபெயர்ப்புகள் ஆங்கில நாவல்களோடு நிற்கின்றன, அந்த இரவல் ஆங்கிலக் கணக்கில் போகிறது. மொழிபெயர்ப்பாளர் பெயர் 700-ஆம் புலத்திலும், ஆசிரியர் பெயர் தமிழ்ப் பதிவில் உள்ள அதே வடிவில் 100-ஆம் புலத்திலும் இருந்தால் இரண்டும் ஓரிடத்தில் கூடும். டர்பனின் கேட்டோ மேனர் பகுதி வாழ்வை ஆங்கிலத்தில் எழுதிய ரோனி கவெண்டர் போன்ற நம் ஊர் எழுத்தாளர்களுக்கு 'உள்ளூர் எழுத்தாளர்' என்று தனிப் பகுதி வையுங்கள், பேட்டர்சனோடு போட்டியில் விட வேண்டாம்.

தனியுரிமைக்குப் பயந்து தயங்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் காப்பது யார் என்ன எடுத்தார் என்பதை. எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற மொத்தத்தில் ஆள் அடையாளம் இல்லை. சிறிய கிளையில் தமிழ் எடுப்பவர் ஒரே ஒருவர் என்றால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உண்மை. ஆகவே ஐந்து பேருக்குக் குறைவானவர்கள் எடுத்த எழுத்தாளரைக் கிளைவாரியாகக் காட்டாமல், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மேர்பேங்க், வெருலம், டொங்காட் எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகப் போடுங்கள். ஒரு தொழில்நுட்பக் கண்ணி மட்டும் உண்டு. சில மென்பொருள்கள், நூல் திரும்பியதும் எடுத்தவர் அடையாளத்தை அழித்துவிடும். அது நல்லதுதான், ஆனால் ஆண்டு முடிவில் 'எத்தனை தனி வாசகர்' என்று கேட்டால் விடை வராது. அடையாளம் அழியுமுன் அந்த எண்ணை மட்டும் மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டும்; ஆனால் ஒரே வாசகர் பல மாதம் வரலாம் என்பதால் மாத எண்களைக் கூட்டி ஆண்டுக் கணக்கு ஆக்க முடியாது.

காலக்கணக்கும் சொல்லிவிடுகிறோம். நகராட்சி நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பிரிட்டனின் இரவல் ஆண்டும் அதுவே என்பதால் ஒப்பிட வசதி. ஜூலைக்கு முன் பொதுப் பதிவுகளைப் பிரித்து, பெயர்களை ஒன்றாக்கி, அலமாரியோடு ஒப்பிட்டு, இல்லாத நூலைத் 'தொலைந்தது' என்று குறிக்க வேண்டும். ஒருவர் தமிழ் தலைப்புப் பக்கத்தைப் படித்துச் சொல்ல, ஒருவர் தட்ட, இருவர் சேர்ந்தால் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நூல் முடியும். பத்துக் கிளையிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம். தமிழ் நூல் அதிகமுள்ள ஒரு கிளையில் செய்து, அங்கே உருவான பெயர்ப் பதிவுகளை மற்ற கிளைகளுக்குப் பகிருங்கள். திருத்திய பிறகு ஒரு முழு ஆண்டு ஓடட்டும். அதுவரை இரவல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தமிழ் நூலையும் கழிக்க வேண்டாம். பூஞ்சை பிடித்ததையும் பூச்சி அரித்ததையும் தாராளமாக எடுத்துவிடுங்கள், அவை பக்கத்து நூலையும் கெடுக்கும்.

அரசியலமைப்பின் 6(5) பிரிவு, போற்றி மதிக்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைக் காட்டிச் சலுகை கேட்கவில்லை. மற்ற மொழி நூல்களுக்கு எப்படி எண்ணுகிறீர்களோ அப்படித் தமிழுக்கும் சரியாக எண்ணுங்கள் என்கிறோம். எண்ணிய பிறகு ஓர் எழுத்தாளருக்கு உண்மையிலேயே வாசகர் இல்லை என்று தெரிந்தால், அந்த இடத்தை வேறு நூலுக்குக் கொடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை.

தலைப்புப் பக்கம் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமானால் சனிக்கிழமை காலைகளில் வருகிறோம். கணினி, நாற்காலி இரண்டு, நீங்கள் பிரித்தெடுத்த பொதுப் பதிவுகளின் அச்சுப் பிரதி ஆகியவை தயாராக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
டர்பன் வட்டாரத் தமிழ் வாசகர்களும் நூற்பதிவு வேலை தெரிந்தவர்களும்