பழைய பாய்க்கு ஒரு வக்காலத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் பாய்மரப் படகுகளைப் பற்றி வெளியான கட்டுரை, காஃப் பாயை வேகமில்லாத பழைய சரக்கு என்ற தொனியில் இரண்டே வரிகளில் தள்ளிவிட்டது. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு என்ன கடல் பேச்சு என்று தோன்றலாம். தூத்துக்குடியில் வேலை பார்த்த காலத்தில் நண்பர் ஒருவரோடு கூட்டாகப் பதினெட்டு அடிப் படகு ஒன்றை வைத்திருந்தேன். அதில் இருந்தது காஃப் பாய்தான். பாயைத் தாங்கும் கழியான பருமலுக்கு வேண்டிய மூங்கிலை ஏற்காடு அடிவாரத்திலிருந்துதான் கொண்டுபோனோம்.

காஃப் பாய் நான்கு மூலை உடையது. அதன் மேல்விளிம்பைத் தாங்கும் பருமலின் ஒரு முனை, கவைபோலப் பாய்மரத்தைக் கவ்வியிருக்கும். எங்கள் படகில் அந்தக் கவைக்குத் தோல் சுற்றி, மரமணி கோத்த கயிற்றால் பாய்மரத்தோடு பிணைத்து, மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் தடவுவோம். தடவ மறந்தால் பாய் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். பருமலை ஏற்றக் கவைக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று என இரண்டு ஆஞ்சான் கயிறுகள் உண்டு. நுனி ஆஞ்சானை, பாயின் மேல்நுனியிலிருந்து முன்பக்கக் கீழ்மூலை வரை குறுக்கே ஒரு மடிப்பு விழுமளவுக்குச் சற்று அதிகமாகவே இழுத்துக் கட்ட வேண்டும். காற்று நிரம்பியதும் அது தானே மறைந்துவிடும்.

இதன் குறையை நான் மறைக்கப் போவதில்லை. காற்றை எதிர்த்து ஏறும்போது பருமலின் நுனி காற்று போகும் பக்கமாகச் சாய்ந்துவிடுவதால், பாயின் மேற்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றைச் சிந்திவிடுகிறது. முன்விளிம்பு நீண்ட முக்கோணப் பெர்முடா பாய்க்கு இந்தத் தொல்லை குறைவு. ஆடி மாதத்தில் கச்சான் என்னும் மேல்காற்றை எதிர்த்துக் கரைக்குத் திரும்பும் நாட்களில், அத்தகைய படகுக்காரர்கள் கரையேறி டீ குடித்து முடித்த பிறகும் நாங்கள் இங்கும் அங்குமாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறோம். மேலே கிடக்கும் பருமலின் எடை, கயிறுகளின் தேய்மானம் ஆகியவையும் உண்டு. பின்காற்றில் பாய் தவறுதலாக மறுபக்கம் வீசினால் தலை தப்புவது தம்பிரான் புண்ணியம்.

ஆனால் ஒரு மாலை, முயல் தீவுக்கு அப்பால் வானம் கறுத்துத் திடீர்க் காற்று இறங்கியபோது, நண்பர் நுனி ஆஞ்சானை மட்டும் அவிழ்த்துவிட்டார். பருமல் தொங்கிப் பாயின் மேற்பாதி செத்துப்போயிற்று. நிமிடத்துக்குள் படகு நிமிர்ந்தது. யாரும் எழுந்து நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆள் குறைவான படகுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு என்ன? பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாய் என்னும் கடற்பகுதியில், கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகளை ஏற்றிச் சென்ற காஃப் படகுகளை ஓர் ஆளும் ஒரு சிறுவனுமே ஓட்டினார்கள். அதே பரப்புள்ள பாயைக் குட்டையான பாய்மரத்தில் தாழ்வாக விரிக்க முடிவதால் படகு சாய்வதும் குறைகிறது. எங்கள் பாய்மரத்தை இரண்டு பேர் கையாலேயே நட்டுவிடுவோம்.

1895 முதல் 1898 வரை தனியாளாக உலகைச் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகமின் ‘ஸ்ப்ரே’ படகில் இருந்ததும் காஃப் பாய்தான். அவர் பெருங்கடல்களில் பெரும்பாலும் ஒரே திசையில் நிலையாக வீசும் வணிகக் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டே போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பந்தயத்துக்குப் பெர்முடா பாய் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பந்தயம் ஓட்டாதவருக்கும் அதையே அளவுகோலாக வைத்ததைத்தான் மறுக்கிறேன்.

மற்றொன்று: கட்டுரையோடு வெளியான படத்தில் இருப்பது காஃப் பாயே அன்று. அதில் பருமல் பாய்மரத்தைக் கடந்து முன்னாலும் நீண்டிருக்கிறது. அது லத்தீன் பாய். திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.