ஆபீசுக்கு ஏஐ வாங்கப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? தைலத்தையே நம்பி உட்காராமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் ஈரோட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை ராத்திரி வருகிறாள், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுகிறாள். நடுவில் துணி துவைக்கத்தான் நேரம்.

"நம்ம மில்லுக்கும் ஏஐ வாங்கிருங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார், ஒரு கம்பெனிக்காரன் ஆளுக்கு மாசம் இவ்வளவு என்று கொட்டேஷன் நீட்டியிருக்கிறான், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்குப் போடாதே.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரே ஆடிப்போனது உனக்குத் தெரியும். அப்போது வேலையை விட்டுப் போனவர்களின் சீட்டுக்கு எங்கள் முதலாளி ஆள் போடவில்லை. மெயில் குறையவில்லை, டெலிவரி சலான் குறையவில்லை, ஆள் மட்டும் குறைந்தது. ஏஐ எங்கள் ஆபீசுக்குள் வந்தது அந்த வழியாகத்தான், ஆசைப்பட்டு இல்லை. அதனாலோ என்னவோ, எதற்கு உதவும் எதற்கு உதவாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

ஒரு வேலையை அதனிடம் கொடுக்கும் முன் நான் பார்ப்பது ஒன்றுதான். அது தருவதைச் சரிபார்க்க ஆகும் நேரம், நாமே செய்தால் ஆகும் நேரத்தைவிடக் குறைவா? குறைவென்றால் கொடுப்பேன். இல்லையென்றால் பழைய முறையே இருந்துவிட்டுப் போகட்டும். எந்தக் கம்பெனி சரக்கு என்பதெல்லாம் அப்புறம்.

பையருக்கு, அதாவது நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, மெயில் எழுதுவதை எடுத்துக்கொள். ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் பையன்கள் துணியைத் தொட்டுப் பார்த்தே ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு) சொல்லிவிடுவார்கள். "டையிங்கில் ஷேடு மாறிவிட்டது, மறுபடி சாயம் போடப் போயிருக்கிறது, ஒரு வாரம் தள்ளும்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால்தான் அரை மணி நேரம் திணறுவார்கள். இப்போது விஷயத்தைத் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கில மெயிலை வாங்கிக்கொள்கிறார்கள். நடந்தது அவர்களுக்கே தெரியும் என்பதால் சரிபார்க்க ஒரு நிமிஷம் போதும். சாட்ஜிபிடியோ ஜெமினியோ கிளாடோ, இந்த வேலைக்கு எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. இவற்றுக்கு மரியாதை அதிகம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால், "முழுப் பொறுப்பும் எங்களுடையது, இனி இப்படி நடக்காது" என்று தானாகவே ஒரு வரி சேர்த்துவிடும். அந்த வரி போனால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில்தான். பையர் அதையே காட்டி டெபிட் நோட் போட்டு நம் பணத்தில் பிடித்துக்கொள்வான். அதனால் பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: நீ சொல்லாத தேதியோ வாக்குறுதியோ மெயிலில் இருந்தால் முதலில் அதை அடி, இலக்கணத்தை அப்புறம் பார்.

அடுத்தது பையரின் வெண்டார் மேனுவல், அதாவது சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அவன் தரும் விதிப் புத்தகம். பேக்கிங்குக்கு ஒரு பாகம், கார்ட்டன் மார்க்கிங்குக்கு ஒரு பாகம், லேட் ஆனால் என்ன பிடித்தம் என்று இன்னொரு பாகம். முழுதாக யாரும் படித்ததில்லை, நானும்தான். அந்த பிடிஎஃப்பை கூகுளின் நோட்புக்எல்எம்மில் ஏற்றிவிட்டுக் கேள்வி கேட்டால், பதிலுக்குப் பக்கத்தில் சின்ன எண் இருக்கும். அதை அழுத்தினால் மேனுவலில் அந்த வரிக்கே கொண்டுபோய் நிறுத்தும். நாம் பதிலை நம்ப வேண்டியதில்லை, வரியைப் படித்தால் போதும். ஆதாரத்தைக் காட்டாத கருவியிடம் சட்ட விஷயம் கேட்கவே கூடாது. 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமானக் கம்பெனி வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் கோர்ட்டில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். ஜிஎஸ்டி விஷயத்தில் உங்கள் ஆடிட்டர் இருக்கும்போது இதனிடம் போய்க் கேட்காதே.

கணக்கைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தாய். விடையைக் கேட்காதே, ஃபார்முலாவைக் கேள். எக்செல்லுக்குள்ளேயே மைக்ரோசாஃப்டின் ஏஐ-யான கோபைலட் ஒரு ஃபங்ஷனாக வந்திருக்கிறது. ஆனால் துல்லியம் வேண்டிய கணக்குக்கு அதை வைக்காதே, வழக்கமான ஃபார்முலாவையே போடு என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. ஜிஎஸ்டிஆர் 2பி-யையும் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்) நம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒப்பிடுவது என்ன பாடு என்று உனக்குத் தெரியுமே. சப்ளையர் போர்ட்டலில் வெறும் 45 என்று போட்டிருப்பான், பில்லில் வருஷத்தோடும் சைபர்களோடும் 0045 என்று இருக்கும். இரண்டும் ஒட்டாது. இந்தச் சிக்கலை விவரித்து ஒரு ஃபார்முலா கேட்டால் நன்றாகவே தருகிறது. தெரிந்த சில பில்களை வைத்துச் சோதித்துவிட்டுக் கீழே இழுத்துவிட வேண்டியதுதான். ஃபார்முலா கண்ணுக்குத் தெரியும், நாளைக்கு ஆடிட்டர் கேட்டாலும் காட்டலாம். ஷீட்டை அப்படியே கொடுத்து "டோட்டல் என்ன" என்று கேட்டால், வருகிற எண்ணை யாரிடம் காட்டுவது?

தமிழ் நோட்டீஸ் விஷயத்தில் உனக்கு என்னைவிடப் பாடு அதிகம். உங்கள் மில்லின் பழைய சுற்றறிக்கையெல்லாம் வானவில் என்ற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபாண்டில் அடித்தது. அதை காப்பி செய்து ஒட்டினால் ஏஐ-க்குப் போவது பொருளே இல்லாத எழுத்துக் குவியல்தான். முதலில் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்று. இதைச் செய்யாமல் "ஏஐ-க்குத் தமிழ் வராது" என்று பலர் சொல்லித் திரிகிறார்கள். உண்மையில் முன்பு இருந்ததற்கு இப்போது எவ்வளவோ தேவலை. எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் இவை படிக்கின்றன, துண்டு குறைந்தால் இவற்றுக்கு வேலை சுலபம். 2024 மே மாசம் ஜிபிடி-4ஓ வந்தபோது, முன்பு 116 துண்டாக வெட்டப்பட்ட ஒரு தமிழ் வாசகம் 35 துண்டில் அடங்குகிறது என்று ஓப்பன்ஏஐ உதாரணம் காட்டியது. ஆனாலும் நடை ரேடியோ செய்தி மாதிரித்தான் வருகிறது. ஷிஃப்ட் மாற்ற நோட்டீஸை நீயே எழுது, தொழிலாளிக்குப் புரியும்.

இனி ரகசியம். 2023-ல் சாம்சங் ஆட்கள் கம்பெனி புரோகிராமையே சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, நிர்வாகம் அதைத் தடை செய்தது. நம் நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இவை வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. பையரின் டிசைன், சம்பளப் பட்டியல், ஆதார், பேங்க் கணக்கு எண் எதுவும் பையன்களின் சொந்தக் கணக்கு வழியாகப் போகக்கூடாது. சொந்தக் கணக்கில் எழுதுவது ஏஐ-யைப் பயிற்றுவிக்கப் போகாமல் இருக்க செட்டிங்கில் ஒரு பட்டனை அணைக்க வேண்டும். எங்கள் ஆபீசில் யாரும் அணைத்திருக்கவில்லை.

ஏர்டெல்லில் பெர்ப்ளெக்சிட்டி, ஜியோவில் ஜெமினி, போதாததற்கு சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் என்று 2025-ன் பிற்பாதியில் இலவசமாக வாரி இறைத்தார்கள். அதனால் மாப்ளே, உன் ஆபீசுக்கு ஏஐ எப்போதோ வந்துவிட்டது, உனக்குத்தான் தெரியாது. கொட்டேஷனைப் பார்க்கும் முன், திட்டாமல், யார் எதற்கு எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுப் பார். டெஸ்பாட்ச் செக்‌ஷன் ஆள் உன்னைவிட நன்றாகச் சொல்வான்.

உங்கள் மெயில் யாரிடம் இருக்கிறது என்றும் பார். கூகுள் வொர்க்ஸ்பேஸ் பிசினஸ் என்றால் 2025 ஜனவரியிலிருந்து ஜெமினி அதிலேயே சேர்ந்து வருகிறது, அதற்கும் சேர்த்துத்தான் விலையை ஏற்றினார்கள். ஏற்கெனவே கட்டுகிற காசு. மைக்ரோசாஃப்ட் 365 என்றால் கோபைலட்டுக்குத் தனிக் காசு. 2023-ல் பெரிய கம்பெனிகளுக்கு வந்தபோது ஆளுக்கு மாசம் 30 டாலர். எல்லோருக்கும் வாங்க வேண்டியதில்லை. தினமும் வெளியூர் மெயில் எழுதுகிற ஓரிருவருக்கு வாங்கிக் கொடுத்துப் பார், மற்றவர்கள் தாங்களாகவே கேட்டு வரட்டும்.

அந்தக் கொட்டேஷன்காரனிடம், உள்ளே ஓடுவது எந்தக் கம்பெனியின் ஏஐ மாடல், நாளைக்கு விலகினால் எங்கள் டேட்டாவைத் திருப்பித் தருவாயா, டாலி கணக்கு சாஃப்ட்வேரோடு பேசுமா என்று கேள். முதல் கேள்விக்கே மழுப்பினால் மிச்சத்தைக் கேட்க வேண்டாம். கொட்டேஷனை போட்டோ எடுத்து அனுப்பு. அதில் "வருடாந்திரப் பராமரிப்பு" என்று எழுதியிருந்தால் அது எதைப் பராமரிக்க என்று விசாரித்து வை.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மச்சான்,
திருப்பூர்