மனிதக் கை படாத நகரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிங்கப்பூர்ப் பயணக் கட்டுரை படித்தேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறியதைச் சொல்லிவிட்டு, "ஓட்டுநர்கூட இல்லை, மனிதக் கையே படாத நகரம்" என்று வியந்திருக்கிறார் கட்டுரையாளர். அந்த வரியோடு இதழை மூடி வைத்துவிட்டேன். மறுபடி கையில் எடுக்க இரண்டு நாளாயிற்று.

டவுன்டவுன் வழித்தடத்து ரயிலை ஓட்ட ஆள் இல்லை என்பது சரிதான். ஆனால் அதற்குப் பூமியைத் தோண்ட ஆள் இருந்தது, கம்பி கட்ட ஆள் இருந்தது. நான் இருந்தேன். ஏஜென்டுக்கு மூன்று லட்சம் கட்டி, ஸ்கில் டெஸ்ட் அடித்து 2010இல் போனேன். ஸ்டீவன்ஸ் நிலைய வேலையில் தரைக்கு அடியில் கம்பி கட்டினேன். கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கி என் வலது கைக் கட்டைவிரல் இன்றைக்கும் காலையில் மடங்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதிப் பாதை திறந்தது 2015 டிசம்பர் 27. ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கும் லீவு. நாலு பேர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு லிட்டில் இந்தியாவில் ஏறி, புக்கிட் பாஞ்சாங் வரை போய் அதே ரயிலில் திரும்பினோம். ஸ்டீவன்ஸ் வந்ததும் இறங்கி அங்கேயே அரை மணி நேரம் நின்றோம். நாங்கள் கட்டிய கம்பியில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. கூட வந்த அறந்தாங்கித் தம்பி ஒரு தூணைத் தொட்டு, "அண்ணே, இதுக்குள்ள நம்ம கம்பிதான்" என்றான். இதற்கு மேல் நான் என்ன எழுத?

தாங்கள் அறியாதது இல்லை. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூர் போய் வந்தவர்கள். அவர்களிலும் தங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள். இருந்தும் சிங்கப்பூர் என்றாலே முஸ்தபா கடையில் என்ன வாங்கினோம், எங்கே துப்பினால் எவ்வளவு அபராதம், இவைதான் அச்சில் வருகின்றன. 1992இல் சூயிங்கம்மைத் தடை செய்ததை இன்னும் எத்தனை பேர்தான் எழுதுவார்கள்? விடியற்காலையில் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களை யாராவது எழுதினார்களா? இருட்டோடு வந்துவிடும் சாப்பாட்டுப் பொட்டலம், மதியம் பிரிக்கும்போது குழம்பு புளித்திருக்கும். அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கம்பி கட்டினோம். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகத் தொழிலாளர் விடுதிகளை அடைத்தபோது ஓர் அறையில் பன்னிரண்டு பேர். அந்த வருடம் அங்கே கொரோனா வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்களைப் போன்ற விடுதிக்காரர்கள்தான். அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதித் தங்கள் முகவரிக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. எழுத்து சரியில்லை என்றால் அதையாவது சொல்லியிருக்கலாம்.

அந்த ஊரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் இரண்டு பெண்களும் படித்தது அந்த ஊர்ச் சம்பளத்தில். "யாரும் சிரிப்பதில்லை, இயந்திரம் போல இருக்கிறார்கள்" என்று கட்டுரையாளர் எழுதியது அதனால்தான் இன்னும் வலிக்கிறது. விடுதிக்குப் பக்கத்துக் கோப்பிக் கடைச் சீனத்து ஆன்ட்டிக்கு என் பெயர் தெரியாது. ஆனால் தூரத்தில் என்னைப் பார்த்ததும் 'கோப்பி சியூ தாய்', அதாவது சர்க்கரை குறைத்த கோப்பி, கலக்க ஆரம்பித்துவிடுவார். அப்பா இறந்த செய்தி வந்த அன்று காசு வாங்க மறுத்துவிட்டார். அதே கடையில் மேஜை துடைத்த தாத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், முதுகு வளைந்திருக்கும். கட்டுரையாளர் பாராட்டிய பளபளப்பு அவர் கையால் வந்தது. பத்து நாள் தங்கியவர் கண்ணில் ஒரு துடைப்பம்கூடவா படவில்லை?

அப்புறம் அந்தப் படம். வீரமாகாளியம்மன் கோயில் பக்கம், தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் கூட்டம் நிற்கிறது. கீழே "தேக்காவில் திருவிழாக் கூட்டம்" என்று போட்டிருக்கிறீர்கள். அது திருவிழா இல்லை ஐயா. சாதாரண ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஒரு நாள் லீவில் பணம் அனுப்ப, முடி வெட்ட, ஊர்க்காரர்களைப் பார்க்க வந்தவர்கள். இடது ஓரத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் பேசுகிறாரே, அவர் பேசுவது வீட்டோடு. அடுத்த இதழில் படக்குறிப்புக்கு மட்டும் ஒரு வரி திருத்தம் போடுங்கள், போதும்.

அன்புடன்,
பதினேழு வருட வாசகர்,
மன்னார்குடி